படியிலிருந்து கிராமுக்கு: எங்கள் சத்துமாவு உறையின் பின்பக்கம் எழுதப்பட்ட கதை

எங்கள் வீட்டில் சத்துமாவு விற்பனைக்காகத் தொடங்கப்பட்டதன்று. 1996இல் என் கணவரின் தங்கை மகனுக்குக் காலைக் கஞ்சிக்காக அத்தை வறுத்து அரைத்த மாவை அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்; பிறகு தருமபுரியில் இரண்டு மளிகைக் கடைகள் கேட்டன. நான் மருமகளாக வந்தபோது மாதம் 40 கிலோ போய்க்கொண்டிருந்தது. முளைகட்டிய கேழ்வரகு, கம்பு, சாமை, சம்பா கோதுமை, பாசிப்பயறு, கொள்ளு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, சுக்கு, ஏலக்காய் ஆகிய பத்துப் பொருள்களும் அத்தையின் படியிலும் உழக்கிலும் கைப்பிடியிலும்தான் அளக்கப்பட்டன. எழுதி வைத்த அளவு எதுவும் இல்லை.

ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தவரை 100 ரூபாய் கட்டணத்தில் கிடைத்த உணவுப் பாதுகாப்புப் பதிவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. 2021இல் அந்த வரம்பைத் தாண்டியதும் மாநில உரிமம் பெற வேண்டியதாயிற்று. நாளுக்கு ஒரு டன்னுக்குக் குறைவாகத் தயாரிப்பவர்களுக்கு அப்போது ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயாக இருந்தது. இணையதளத்தில் விண்ணப்பித்து, அரவைக்கூடத்தின் வரைபடம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, வேலை செய்பவர்களின் மருத்துவச் சான்று எல்லாவற்றையும் சேர்க்க இரண்டு மாதம் ஆனது. அலைச்சல் இருந்தாலும் அதில் குழப்பம் இல்லை. எங்களைத் திணறடித்தது உறையில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதுதான்.

உறையின் முன்பக்கத்தில் அதுவரை 'இயற்கை சத்துமாவு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தோம். பல பொருள்கள் சேர்ந்த கலவை உணவை 'இயற்கை' என்று நேரடியாகச் சொல்லிக்கொள்ள 2018ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குமுறைகள் இடம் தருவதில்லை. சேர்மானங்கள் அனைத்தும் அந்தத் தகுதியைப் பெற்றிருந்தால் 'இயற்கைப் பொருள்களால் ஆனது' என்று மட்டும் குறிப்பிடலாம். முதலில் இது வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றியது. ஆனால், வறுத்து, அரைத்து, பத்துப் பொருள்களைக் கலந்து தருவதை வயலில் விளைந்தபடியே தருவதுபோலச் சொல்வது முறையன்று என்பதை யோசித்தபோது ஒப்புக்கொண்டேன். 'சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்' என்ற வரியையும் அப்போதே எடுத்துவிட்டோம்.

உறையில் சிரித்துக்கொண்டிருந்த, எங்கள் வீட்டுக் கைக்குழந்தையின் படத்தை எடுப்பதுதான் அத்தைக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவு என்று விற்றால் 1992ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பொருந்தும். அத்தகைய உணவின் உறையில் குழந்தையின் படமே இருக்கக் கூடாது. தாய்ப்பாலின் இடத்தை வணிகம் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. நாங்கள் விற்பது எல்லோருக்குமான காலைக் கஞ்சி மாவு என்று தெளிவாகத் தீர்மானித்து, 'குழந்தை உணவு' என்ற சொல்லையும் படத்தையும் நீக்கினோம்.

அடுத்து, சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்ற விதி. அத்தை படியால் அளந்து கொட்ட, நான் ஒவ்வொன்றையும் மின்தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டேன். ஒரு படி கேழ்வரகும் ஒரு படி வறுத்த நிலக்கடலையும் ஒரே எடை வருவதில்லை. ஆகவே, படிக்கணக்கில் மூன்றாவதாக நின்ற பொருள் எடைக்கணக்கில் ஐந்தாவதாகப் போனது. அதைவிட முக்கியமாக, அத்தையின் கைப்பிடி தடவைக்குத் தடவை மாறுவதையும் கண்டோம். புழுங்கலான மழை நாளில் சுக்கு சற்றுக் கூடும். "ஈரக் காத்துக்குக் கொஞ்சம் காரம் வேணும்மா" என்றார். பன்னிரண்டு தடவை நிறுத்துப் பார்த்துத்தான் ஓர் அளவுக்கு வந்தோம். கோதுமையும் நிலக்கடலையும் இருப்பதால் ஒவ்வாமைக் குறிப்பு தனியாக இடம்பெற்றது. நூறு கிராமுக்கான ஊட்டச்சத்து அட்டவணையை ஆய்வகச் சோதனைக்குப் பிறகு போட்டோம். முதலில் அணுகிய ஓர் ஆய்வகம் மாதிரியைச் சோதிக்காமலேயே வேறு யாருடைய மாவுக்கோ உரிய எண்களை அனுப்பியிருந்தது. நாங்கள் சேர்க்கவே சேர்க்காத சர்க்கரை அதில் மிகுதியாக இருந்ததைக் கண்டுதான் அதைப் பிடித்தேன். வேறிடத்தில் மறுபடி பணம் கட்டிச் சோதித்தோம்.

'எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தலாம்' என்ற வரி எங்களை ஒரு கோடைகாலம் முழுவதும் அலைக்கழித்தது. ஆறு மாதம் என்று அச்சிட்ட உறைகள் மூன்றே வாரத்தில் கசப்பேறித் திரும்பி வந்தன. காரணம் கம்பு. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்தவுடன் அதிலுள்ள நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. 1967இல் நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்று தேசிய அளவிலான நிறுவனமாக வளர்ந்துள்ள தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயிற்சிக்குச் சென்றபோதுதான், கொதிநீரில் கம்பைச் சில விநாடிகள் முக்கியெடுத்து நன்றாக உலர்த்தினால் அந்த நொதி செயலிழக்கும் என்பதைக் கற்றேன். அத்தையிடம் சொன்னபோது, தன் தாயார் கம்பை வெந்நீரில் அலசித்தான் காயவைப்பார் என்றும், விற்பனை பெருகிய பிறகு நேரமில்லாமல் அதை விட்டுவிட்டதாகவும் சொன்னார். இப்போது கம்பைத் தனியாகப் பதப்படுத்தி, தனியாக வறுத்து, மூன்று மாதம் என்றே அச்சிடுகிறோம்.

2023இல் பெங்களூரு கடைகளுக்கு அனுப்பத் தொடங்கியதால் வெளிமாநில விற்பனைக்காகச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயமாயிற்று. அந்த அக்டோபரில், எடையில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் சிறுதானியம் உள்ள மாவுக் கலவையை உறையிலிட்டு விற்றால் 5 விழுக்காடு வரி என்று அறிவித்தார்கள். எங்கள் கலவையில் இருந்தது 62. எங்கள் மாவு 18 விழுக்காட்டில்தான் வரும் என்றார் கணக்காளர். பயறையும் கடலையையும் குறைத்துவிடலாம் என்று என் கணவர் சொல்ல, "பயறு இல்லாத கஞ்சி வயித்தை நிரப்பும், உடம்புல ஒட்டாது" என்று அத்தை மறுத்துவிட்டார். இரண்டு வாரம் பேச்சு நீண்டது. கடைசியில் கோதுமையைப் பெருமளவு குறைத்துச் சாமையைக் கூட்டினோம்; பயறில் கைவைக்கவில்லை. 71 விழுக்காடு வந்தது. கஞ்சி முன்னைவிடச் சற்று இளகலாக இருக்கிறது என்று பழைய வாடிக்கையாளர் இருவர் சொன்னார்கள், அது உண்மைதான்.

அரவைக்கூடத்துச் சுவரில் இப்போது கிராம்கணக்கு ஒட்டப்பட்டிருக்கிறது. தராசுக்கு அருகில் அத்தையின் படியும் இருக்கிறது. கேழ்வரகு வறுபட்டுவிட்டதா என்பதை மட்டும் இன்னும் அவர்தான் வாசனை பிடித்துச் சொல்கிறார். வறுக்கும் இயந்திரத்தின் வெப்ப அளவியை அதற்குப் பிறகுதான் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன்.