பதம்

நான்கடி கேன்வாஸ் ஒன்று ஐந்து வாரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தது. இடது மூலையில் காவி, நடுவில் சாம்பல், அதன்மேல் எனக்கே பிடிக்காத ஒரு நீலம். அரூப ஓவியத்தில் மரமோ முகமோ கிடையாது. முடிந்ததா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க வெளியே எதுவும் இல்லை.

திட்டம் போட்டு வரைவீர்களா, உள்ளுணர்வில் வரைவீர்களா என்று கேட்கிறார்கள். உள்ளுணர்வு என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை; எங்கிருந்தோ வந்து இறங்குவது மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்த சொல் பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஆச்சி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் சட்டியை இறக்கிவிடுவாள். கடிகாரம் பார்த்ததே இல்லை. எத்தனையோ தீபாவளிகள் அந்த விரலில் இருந்தன.

மண்ணும் அப்படித்தான் கைக்குள் வந்தது. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த ஒருவரிடம்தான் நான் சக்கரம் பழகினேன். முதல் வருடம் முழுக்க என் கிண்ணங்களின் அடி கனத்தே இருந்தது. சுவர் எழும்பும்போது உள்விரலுக்கும் வெளிவிரலுக்கும் நடுவே எவ்வளவு மண் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு நாள் விரலுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியவில்லை.

கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு, அதைப் பூசுவது இன்னும் கடினம். கோபால்ட் ஆக்ஸைடு கறுப்புத் தூள்; சூளையிலிருந்து நீலமாக வரும். தாமிரம் கலந்த கிளேஸ் காற்று தாராளமாகக் கிடைத்தால் பச்சை, மூச்சுத் திணறினால் சிவப்பு. 1300 டிகிரியை ஒட்டிய நெருப்புக்குள் நடப்பதை மனதில் வைத்துக்கொண்டு, இல்லாத நிறத்தைப் பூச வேண்டும். அவசரப்பட்டுச் சூளையைச் சீக்கிரம் திறந்து, ஆசையாகச் செய்த ஒரு பெரிய தட்டு டிங்கென்று விரிசல் விட்டதைக் கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் கதவில் கை வைத்துச் சூடு பார்க்காமல் திறப்பதில்லை.

ஓவியத்திலும் கையில் சேர்ந்த இந்தச் சேமிப்புதான் வேலை செய்கிறது என்று நம்புகிறேன். ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களை நேசிப்பவர்கள் அவருடைய அரூப வண்ணப் பரப்புகளின் முன் தயங்குகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கைதான். அத்தனை கோடு போட்ட கைக்குத்தான் கோட்டை எங்கே விட்டுவிடலாம் என்று தெரியும்.

போன வியாழக்கிழமை சூளையிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. தாமிர கிளேஸ். தீ பட்ட பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் புகை மாதிரி ஒரு சாம்பல். விளிம்பு என்று ஒன்றே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேன்வாஸைத் திருப்பினேன். நீலத்தில் தவறில்லை. அதன் ஓரம்தான் கத்தியால் நறுக்கியது போல நின்றது.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அந்த ஓரத்தை மட்டும் தேய்த்தேன். அக்ரிலிக் வண்ணம் மெல்ல மெல்லத் தேய்ந்து கீழிருந்த சாம்பல் எழுந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் காவியும் வந்திருக்கும். கை நின்றுவிட்டது. துணியால் துடைத்து, இப்போது அறையைப் பார்க்கிற மாதிரி நிறுத்தியிருக்கிறேன்.