‘மருந்தக் குடிச்சிட்டா’ என்று மூடப் பார்த்த வழக்கு: தீர்ப்பு வரை எங்களைத் தவிக்கவிட்ட காகிதங்கள்

எங்கள் பெரியப்பா மகள் செத்த வழக்கில் அவள் வீட்டுக்காரருக்கு ஆயுள் தண்டனை ஆகிவிட்டது. நிம்மதி என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. ஆனால் விஷச் சாவு வழக்கு எந்தெந்த இடத்தில் தடுக்கி விழும் என்பது இப்போது நன்றாகத் தெரியும். கொங்குப் பக்கம் பூச்சிமருந்து இல்லாத தோட்டத்துச் சாலை (தோட்டத்து வீடு) கிடையாது. அதனாலேயே ஒரு பெண் மருந்தால் செத்தால் ‘மருந்தக் குடிச்சிட்டா’ என்பதுதான் முதல் பேச்சு. அந்தப் பேச்சு எழுத்தில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. இதே நிலையில் நிற்கிற குடும்பம் யாராவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வழக்கு 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம், அதனால் ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 302, அதாவது கொலை. அதற்குப் பிந்தியதென்றால் அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ் 103. நடைமுறைப் பிரிவுகளின் எண்களும் மாறிவிட்டன. தேவைப்படும் இடத்தில் இரண்டையும் தருகிறேன்.

முதல் சறுக்கல் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. விஷம் என்று யாரைக் கொண்டுபோனாலும் ஏஆர் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) எழுதுவார்கள். அதில் ‘எப்படி நடந்தது’ என்று சொன்னவர் யார், சொன்னது என்ன என்று இருக்கும். எங்கள் ஏஆர் காப்பியில் ‘தானாக அருந்தியதாகக் கணவர் கூறினார்’ என்று இருந்தது. விசாரணை முடியும்வரை எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒற்றை வரியைத்தான். பேச்சு இருக்கும்போதே பெண் வீட்டாரில் ஒருவர் பக்கத்தில் இருந்து, அவள் வாயால் சொல்வதை டாக்டரை எழுதச் சொல்ல வேண்டும். நினைவோடு இருந்தால் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்து மரண வாக்குமூலம் பதியச் சொல்லி டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். மாஜிஸ்திரேட் வந்து சேருமுன் உயிர் போனாலும், அவள் நர்சிடமோ பக்கத்துப் படுக்கைக்காரரிடமோ சொன்னது வீண்போகாது. சாவுக்கான காரணத்தைப் பற்றிச் செத்தவர் சொன்ன பேச்சு யாரிடம் சொன்னதாக இருந்தாலும் சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 32, இப்போது 26.

அவள் இரவுப் பணி நர்சிடம், “அவரு கலக்கிக் குடுத்த காப்பியக் குடிச்சதுக்கு அப்பறந்தானுங்க வவுறு எரியுது” என்று சொல்லியிருந்தாள். நர்ஸ் அதைச் சார்ட்டில் எழுதியும் வைத்திருந்தார். அந்தச் சார்ட்டை வாங்கத்தான் படாத பாடு. மருத்துவப் பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. ஆனால் சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டுக்காரர். “அட்டென்டர் அவருதானுங்க, உங்களுக்குத் தர முடியாது” என்று பெற்ற தகப்பனையே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் விசாரணை அதிகாரி மூலமாகத்தான் கேஸ் ஷீட் முழுவதும் கோர்ட்டுக்கு வந்தது. அதிகாரி அசையாவிட்டால் கோர்ட் வழியாகவே ஆவணத்தை வரவழைக்கலாம். சிஆர்பிசி (பழைய குற்ற நடைமுறைச் சட்டம்) 91, இப்போது அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் 94. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். நர்ஸ் சார்ட் தனித் தாள், அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வயிறு கழுவிய நீரும் அப்படியே: விஷ கேஸில் அதை எடுத்து வைத்துப் போலீசிடம் கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கீழே கொட்டிவிட்டார்கள்.

இரண்டாவது சறுக்கல் புகார் மனு. அழுதுகொண்டிருந்த பெரியப்பாவிடம் ஸ்டேஷன் ரைட்டர் எழுதி நீட்டியதில் ‘தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து விஷம் அருந்தி’ என்று இருந்தது. யாரும் சொல்லாத வயிற்றுவலி அது! அந்த மனுவின்மேல் 174-இல், அதாவது இயற்கைக்கு மாறான மரணம் என்று எஃப்ஐஆர் போட்டார்கள் (இப்போது பிஎன்எஸ்எஸ் 194). கையெழுத்துப் போடுமுன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால் ‘சாவில் சந்தேகம் இருக்கிறது’ என்ற வார்த்தை கட்டாயம் இருக்கட்டும்.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் என்றால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும், வரதட்சணைச் சாவு என்ற சட்ட அனுமானமும் துணைக்கு இருக்கும். அவளுக்கு ஏழு தாண்டிவிட்டது, ஆகவே இரண்டும் இல்லை. அன்றைக்கே சந்தேகத்தை விவரமாக எழுதி எஸ்பி அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பியதுதான் பின்னால் காப்பாற்றியது. ‘சொத்துத் தகராறு வந்த பிறகு யோசித்துச் சொன்ன புகார்’ என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது அந்தத் தபால் முத்திரைத் தேதி பதில் சொன்னது. எஸ்பியும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். 156(3), இப்போது 175(3).

உறவுக்குள்ளேயே வரும் அவசரம் இன்னொரு தொல்லை. “எதுக்குங்க அறுத்துக்கிட்டு, பொழுதுக்குள்ள எடுத்துரோணும்” என்று பெரியவர்களே நெருக்கினார்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமல் எரித்துவிட்டால் வழக்கே இல்லை. அவள் கட்டியிருந்த சேலையை வண்ணானுக்குப் போடவோ எரிக்கவோ கூடாது. வாந்தி பட்ட துணியில் மருந்து கிடைக்கும். ஈரத்துணியை பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்கப் போலீசிடம் சொல்லுங்கள். டம்ளர், பாத்திரம் எதையும் கழுவாமல், நீங்களாக எடுத்துக் கொடுக்காமல், மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் கைப்பற்றுப் பட்டியல்) போட்டே எடுக்கச் சொல்லுங்கள்.

இனி விஸ்ரா, அதாவது விஷ ஆய்வுக்காக உடலிலிருந்து எடுக்கும் உள்ளுறுப்புகள். இந்த வகை வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. இரைப்பையும் அதிலுள்ளதும், சிறுகுடலில் ஒரு பகுதியும் ஒரு பாட்டிலில், கல்லீரலில் சுமார் 500 கிராமும் இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதியும் இன்னொன்றில், ரத்தம் தனியே. பதப்படுத்த நிறைகரைசலான உப்புநீர் ஊற்றுவார்கள். ஃபார்மலினில் போட்டால் விஷத்தைப் பிரித்தெடுப்பது கடினம். ஊற்றிய அதே உப்புநீரில் கொஞ்சம் வெறுமனே ஒரு பாட்டிலில் போக வேண்டும். அது இல்லாவிட்டால் ‘விஷம் உப்புநீரிலேயே இருந்திருக்கலாம்’ என்று வக்கீல் கேட்பார், பதில் இருக்காது. எல்லா பாட்டிலுக்கும் அரக்கு முத்திரை, கூடவே மாதிரி முத்திரை.

எடுத்தது ஒழுங்காகத்தான் எடுத்தார்கள். அனுப்புவதில் கோட்டை விட்டார்கள். பாட்டில்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் கடிதத்தோடு மண்டலத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். கடிதத்தில் இருந்த பிரேதப் பரிசோதனை எண்ணும் பாட்டில் லேபிளில் இருந்த எண்ணும் பொருந்தவில்லை என்று ஆய்வகம் திருப்பிவிட்டது. திரும்பி வந்த பாட்டில்கள் ஸ்டேஷனில் ஒரு மூலையில் கிடந்தன, எங்களிடம் ‘லேப்ல இருக்குது’ என்றார்கள். ஆய்வகத்துக்கே நேரில் போனது வீண் பயணம். தனியாருக்கு அவர்கள் எதுவும் சொல்வதில்லை. கேட்க வேண்டிய இடம் மாஜிஸ்திரேட் கோர்ட். சொத்துப் பதிவேட்டில் எந்தத் தேதியில் வந்தது, எந்தக் கடித எண்ணில் போனது என்று இருக்கும். எடுத்துப்போன காவலரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் (ஸ்டேஷனில் வெளியே போக எழுதிக் கொடுக்கும் சீட்டு) பிற்பாடு தேவைப்படும், ஏனென்றால் பாட்டில் யார் கையில் எத்தனை நாள் இருந்தது என்பதை அந்தக் காவலர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

இந்தத் தாமதத்தால் இன்னோர் அடி. கொலை வழக்கில் கைதானவர் மேல் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கேட்டதும் ஜாமீன். ‘லேப் ரிப்போர்ட் வரட்டும்’ என்று காத்திருந்தார்கள், அவர் வெளியே வந்து நின்றார். ரிப்போர்ட் வராவிட்டாலும் மற்ற ஆதாரங்களோடு குற்றப்பத்திரிகை போட்டுவிட்டு, ரிப்போர்ட்டைப் பின்னால் கூடுதல் அறிக்கையாகச் சேர்க்கலாம். 60-ஆவது நாளிலிருந்தே இதை விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்கத் தொடங்குங்கள்.

ரிப்போர்ட் வந்தபோது இரைப்பை, குடல், கல்லீரல் மூன்றிலும் ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து இருப்பதாக இருந்தது. கல்லீரலில் இருப்பது முக்கியம். உயிரோடு இருக்கும்போதே உடலில் ஏறிவிட்டது என்பதற்கு அது பலம். வழக்கு முடிந்த மாதிரி அன்று எல்லோரும் பேசினோம். ஆனால் பிரேதப் பரிசோதனைச் சான்றில் டாக்டர் ‘ரசாயன ஆய்வு முடிவு வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது’ என்றுதான் எழுதியிருப்பார். ரிப்போர்ட்டை அவரிடம் கொண்டுபோய் இறுதிக் கருத்து வாங்குவது விசாரணை அதிகாரி வேலை. நடுவில் இன்ஸ்பெக்டர் மாறினார். கோர்ட்டுக்கு வந்த ரிப்போர்ட் கோர்ட் கட்டிலேயே கிடந்தது, டாக்டரும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். சாவுக்குக் காரணம் விஷம் என்று டாக்டர் கையெழுத்தில் ஒரு வரி இல்லாமலே வழக்கு விசாரணைக்குப் போயிருக்கும். நகல் மனுப் போட்டு ஆவணம் ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்ததால்தான் கண்ணில் பட்டது. குற்றப்பத்திரிகை கட்டில் எதைத் தேடாவிட்டாலும் ‘இறுதிக் கருத்து’ என்ற தாளைத் தேடுங்கள்.

விஷக் கொலை வழக்கில் கோர்ட் பார்ப்பது நான்கு. கொல்லக் காரணம் இருந்ததா, சாவு அந்த விஷத்தாலா, விஷம் அவர் கைவசம் இருந்ததா, கொடுக்க வாய்ப்பு இருந்ததா. 1984-இல் சரத் பிர்திசந்த் சாரதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் மனைவிக்கு விஷம் வைத்ததாகப் போடப்பட்ட வழக்கு, கணவர் விடுதலையானார். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எப்போதும் இருக்கும் தீர்ப்பு. நம் பக்கம் 1960-இன் அனந்த் சிந்தாமன் லாகு தீர்ப்பு இருக்கிறது: உடலில் விஷம் அகப்படாதபோதும் சூழ்நிலைச் சான்றுகளின்மேல் தண்டனை உறுதியானது.

எங்களுக்கு இழுபறி மூன்றாவதில். மருந்து பாட்டில் அவள் வீட்டுக்காரர் காட்டி, விஏஓ முன்னிலையில், சோளத்தட்டுப் போருக்கடியில் எடுத்தது. போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தில் பொருளைக் கண்டெடுக்கக் காரணமான பகுதி மட்டுமே செல்லும். ‘தோட்டமென்றால் மருந்து இருக்காதா, தென்னைக்கு வேரில் கட்ட வாங்கினது’ என்றார்கள். நியாயமான கேள்விதான், இந்தப் பக்கம் தென்னைக்கு வேர் வழியாக மருந்து கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். அதை உடைத்தது அடங்கல் என்ற பயிர்க் கணக்கு. விஏஓ கணக்கில் அந்தப் பூமியில் அந்தப் பருவத்தில் மஞ்சளும் சோளமும்தான், தென்னையே இல்லை. பாட்டிலில் இருந்த பேட்ச் எண் மருந்துக்கடை ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருந்தது. பில் போடாவிட்டாலும் கடைக்காரரின் கடன் நோட்டில் பெயரும் தேதியும் இருந்தன. பேட்ச் எண்ணை மகஜரில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். லேபிள் நனைந்து அழிந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கமிட்டல் (வழக்கைச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புவது), குற்றச்சாட்டு வனைவு எல்லாம் சிக்கலில்லாமல் போயின. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பிஆர்சி எண், செஷன்ஸ் போனதும் எஸ்சி எண். வழக்குக்கென்று உள்ள 16 இலக்க சிஎன்ஆர் எண் இருந்தால் வாய்தாத் தேதி போனிலேயே தெரியும். ஆனாலும் ஸ்டேஷனின் கோர்ட் ஏட்டையாவிடம் கேட்டுக்கொள்வதே உறுதி. சாட்சி சம்மன் அவர் மூலமாகத்தான் போகும்.

நாம் தனி வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் அரசு வக்கீலுக்கு உதவி மட்டுமே செய்ய முடியும். நேரடியாகச் சாட்சியை விசாரிக்க முடியாது என்று 2019-இல் ரேகா முரார்க்கா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அதனால் ஒவ்வொரு சாட்சிக்கும் முந்தைய நாளே கேள்விகளையும் ஆவண எண்களையும் ஒரே தாளில் எழுதி அரசு வக்கீலிடம் கொடுத்தோம். பல கட்டுகளோடு ஓடும் மனிதர், அந்தத் தாளைத்தான் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

பக்கத்துத் தோட்டத்துச் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். எதிர்பார்த்ததுதான், நோம்பி நொடிக்கு முகம் பார்க்க வேண்டியவர்கள் என்று அவர்களே சொன்னார்கள். ‘பேசி முடிச்சுக்கலாமுங்க’ என்று ஊர்ப் பெரியவர்கள் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள், கொலை வழக்கைச் சமாதானத்தில் முடிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. தடுமாறக்கூடிய சாட்சிக்கு ஆரம்பத்திலேயே மாஜிஸ்திரேட் முன் 164 வாக்குமூலம் (இப்போது 183) வாங்கச் சொல்லுங்கள். நர்சுக்கு வாங்கியிருந்தோம், வேலை மாறிப் போயிருந்தும் அவர் வந்து சொன்னதிலிருந்து நகரவில்லை. அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

இப்போது அப்பீல். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல்காரர்களுக்குச் சென்னை, கரூர்காரர்களுக்கு மதுரைக் கிளை. அப்பீலோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் வரும். அதில் நம் தரப்பைக் கேட்கச் சொல்ல உரிமை உண்டு என்பதற்கு 2022-இன் ஜக்ஜீத் சிங் தீர்ப்பைக் காட்டலாம். விடுதலை ஆகியிருந்தால் நாமே அப்பீல் போகலாம். 372, இப்போது 413. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். வழக்குப் பொருள்களை அழிக்கும் உத்தரவு அங்கே இருக்கும், அப்பீல் முடியும்வரை பாட்டிலும் டம்ளரும் சேலையும் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீர் நகைக்குத் தனி மனு, அதற்குக் கல்யாணத்தின்போது வாங்கிய நகைக்கடை பில் வேண்டும். எங்கள் மனு இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது.