போக முடியுமா, முடியாதா?

பையன் கேட்டது ஒரே கேள்விதான். "இப்ப போக முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுணா." நான் "முடியும்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2010 வாக்கில் நடந்தது. அப்போது நான் ராணுவப் பயிற்சி மையத்தில் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவன். எந்த மையம் என்பது இங்கே வேண்டாம். ரங்ரூட்டுகளிடம், அதாவது புதிதாகச் சேர்ந்த பையன்களிடம், தமிழில் பேசக் கூடாது. கமாண்டிலிருந்து திட்டு வரை எல்லாம் இந்திதான். ஆனால் அன்று கம்பெனி கமாண்டரே கூப்பிட்டு, உங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன் படையை விட்டுப் போக டிஸ்சார்ஜ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான், உங்கள் மொழியிலேயே பேசிப் பாருங்கள் என்றார். ராத்திரி ரோல்கால் முடிந்ததும் அவன் தங்கியிருந்த பேரக்குக்குப் போனேன்.

பையன் கணியம்பாடிப் பக்கம். அவன் அப்பாவும் பட்டாளத்துக்காரர், எனக்கு மூத்தவர், நன்றாகத் தெரிந்தவர். வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். காட்பாடியில் ரயில் ஏறும் பையனை வழியனுப்பப் பாதித் தெரு வந்து நிற்கும். அப்படி அனுப்பி வைத்தவன் பாதியில் வந்து இறங்கினால் அவனைப் பார்த்து என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியாது.

நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்து விறைப்பாக நின்றான். உட்காரச் சொன்னதும் மறுபடியும் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டான். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, பாலிஷைத் துளியாகத் தொட்டு, முன்பக்க வளைவில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தான். பேசி முடிகிற வரை கை நிற்கவேயில்லை. முடிந்ததும் இரண்டையும் கட்டிலுக்கடியில் ஒரே கோட்டில் வைத்து, லேஸ்களை உள்ளே மடித்துத் தள்ளினான். விட்டுவிட்டுப் போகிறவன் எதற்கு இவ்வளவு சுத்தமாகச் செய்ய வேண்டும்? இதைத்தான் என்னால் இன்றும் புரிந்துகொள்ள முடியவில்லை.

சோம்பேறியும் இல்லை அவன். ஆள்சேர்ப்பு ரேலியில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் குரூப்பில் வந்தவன். ரகடா என்கிற தண்டனைப் பயிற்சி கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டான். இந்திதான் தடுமாறியது, அது நம் பையன்கள் எல்லோருக்கும் தடுமாறும். அடி விழுகிறதா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். இல்லை என்றான். "அப்பாவுக்குப் புடிச்ச வேலைணா இது. எனக்கு ஒண்ணும் தோணல. ஊட்டுக்குப் போறேன்."

சம்பளம், பென்ஷன், ஊரில் மரியாதை, தங்கச்சி கல்யாணம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

அன்று சாயங்காலமே அவன் அப்பா எனக்குப் போன் செய்திருந்தார். "தம்பி, முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுபா. கையெழுத்து போட்டா போட்டதுதான், வெளிய வர முடியாதுன்னு சொல்லு. ரெண்டு மாசத்துல சரியாயிடுவான். நானும் அப்டித்தான் போறேன்னு அழுதவன்." நான் பதில் சொல்லாமல் "பார்க்கிறேன்ணா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

நான் சொன்னது விதிப்படி சரிதான். படையில் சேர்ப்பது வேறு, சத்தியப்பிரமாணம் வேறு. 1950 ராணுவச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பயிற்சிக் காலம் முடித்துத் தகுதி பெற்றவன் அணியின் முன்னால் பிரமாணம் எடுப்பதைப் பற்றிச் சொல்கிறது. நாங்கள் கசம் பரேட் என்போம். நிலம், நீர், ஆகாயம், எங்கே அனுப்பினாலும் போவேன், உயிருக்கு ஆபத்து என்றாலும் போவேன் என்று கசம் எடுத்தபிறகுதான் அவன் முழு சிப்பாய். அதற்கு முன்னால் இருப்பவர்களுக்கு, 1954 ராணுவ விதிகளில் 13ஆவது விதியிலேயே டிஸ்சார்ஜ் அட்டவணையில் தனி இடம் உண்டு. அவன் அப்போது கசம் எடுக்காதவன். கேட்கலாம், கொடுப்பதும் கொடுக்காததும் மேலிடம். உண்மையைக் கேட்டவனுக்கு உண்மையைச் சொன்னேன், இதில் என்ன தவறு?

இன்னொரு காரணமும் இருந்தது. முடியாது என்று சொல்லியிருந்தால் சுவரேறிக் குதித்திருப்பானோ என்ற பயம். முந்தைய பேட்ச்சில் ஒருவன் அப்படிப் போனான். லீவு இல்லாமல் போனால் அதே சட்டத்தின் 39ஆவது பிரிவு, தப்பியோடினான் என்று வைத்தால் 38. பிடித்துக் கொடுக்கச் சொல்லி ஊர் போலீசுக்குக் கடிதம் போகும். வயல் வேலையில் இருக்கும் அம்மாவைத் தேடிக் கான்ஸ்டபிள் வந்து நிற்பதைவிட, பையன் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு தலை நிமிர்ந்து போவது மேல் இல்லையா?

இவ்வளவு நியாயம் கையில் இருந்தும் எனக்கு ஏன் சமாதானம் வரவில்லை என்றால், என் கதை வேறு மாதிரி.

நானும் ரங்ரூட்டாக இருந்தபோது இதே மாதிரி ஒரு ராத்திரி என் உஸ்தாதிடம் போய் நின்றவன். அவர் ஹரியானாக்காரர். போக வழியே கிடையாது, கையெழுத்துப் போட்ட அன்றே எல்லாம் முடிந்துவிட்டது, போய்த் தூங்கு என்றார். நம்பிவிட்டேன். வேறு வழியில்லை என்று தெரிந்ததும் அழுகை நின்றது. அப்புறம் துப்பாக்கி பழகியது, சாப்பாடு பழகியது, ஆட்கள் பழகினார்கள். முழு சர்வீஸும் முடித்து ஹவில்தாராக வந்தேன். இந்த வீடு, பிள்ளைகள் படிப்பு, எல்லாம் அதில் வந்தது. அவர் சொன்னது பொய் என்பது நான் உஸ்தாத் ஆகி விதிப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. கோபம் வரவில்லை. அவரை இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் எனக்குக் கிடைத்த பொய்யை நான் ஏன் அந்தப் பையனுக்குக் கொடுக்கவில்லை?

அவனும் நானும் ஒன்றில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நான் வீட்டு ஏக்கத்தில் அழுதேன். அவன் அழவில்லை, நிதானமாகச் சொன்னான். மனமில்லாதவனைக் கட்டி வைத்து எல்லையில் நிறுத்தினால் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. இது சரியான பேச்சுதான். ஆனால் அன்று ராத்திரி நான் இவ்வளவும் யோசித்தேனா? பொய் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். காரணங்களெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

பையன் இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஒரு குழந்தை. குறை சொல்ல முடியாத வாழ்க்கை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சாவு வீட்டில் பார்த்தோம். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னான்: "நீ அன்னிக்கு முடியாதுன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன்ணா." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நன்றி சொல்கிற குரலும் இல்லை. எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவன் அப்பாதான் என்னோடு இன்னும் பேசுவதில்லை. ராணுவ கேன்டீன் வரிசையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 வருட சர்வீஸ் வேண்டும். மகன் இருந்திருந்தால் இப்போது அந்தக் கணக்கு முடிந்திருக்கும் என்று அவர் மற்றவர்களிடம் சொல்வது என் காதுக்கு வருகிறது. கணக்கு சரிதான். 2022இல் அக்னிபாத் ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தபிறகு சேருகிறவர்களுக்கு நான்கு வருடம்தான், 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும், மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. அதனால் அன்று விட்டது இன்னும் பெரிதாகத் தெரிகிறது அவருக்கு. எனக்கும்தான்.

இப்போது விடியற்காலையில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஓடிப் பழகும் பையன்களுக்கு நேரம் பார்த்துச் சொல்கிறேன். அக்னிபாத்தில் சேரும் அக்னிவீரர்கள் சொந்த விருப்பத்தில் பாதியில் விலக முடியாது, விதிவிலக்கான காரணம் இருந்தால் மட்டும் மேலிடம் பார்க்கும் என்பது சேரும்போதே சொல்லப்படுகிற நிபந்தனை. அதைப் பையன்கள் கேட்பதில்லை. கூட வரும் அப்பாக்கள்தான் கேட்கிறார்கள்: "நடுவுல உட்டுட்டு வர முடியாதில்ல?" அவ்வளவு சுலபமில்லை என்கிறேன். பையன் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு மேல் பேசுவதில்லை. அவனாகத் தனியாக வந்து கேட்டால் தெரிந்ததை முழுவதும் சொல்வேன்.