சேன்தாந்த்ரேயில் நந்தனார்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில், கரும்புக் காட்டுக்கு நடுவே இருக்கிறது சேன்தாந்த்ரே. போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. கூட்டிப்போன பெண் புதுச்சேரியில் தங்கித் தமிழ் படித்தவர். "அண்ணா, இன்னைக்கு நார்லகோன் ஒத்திகை, வாங்க" என்றார். நாடகம்தான் தீவின் பேச்சுமொழியான கிரியோல் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. விடிய விடிய நடக்கும் கூத்து. நடத்துகிறவர் 'வார்த்தியால்', நம் வாத்தியார்.

தகரக் கொட்டகை, ஒரு மத்தளம், தாளம். வாத்தியாருக்கு எழுபது வயதிருக்கும். அவர் நோட்டில் தமிழ்ப் பாட்டெல்லாம் ரோமன் எழுத்தில்.

இடைவேளையில் என்னைப் பாடச் சொன்னார்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலிருந்து 'வருகலாமோ' பாடினேன். மாஞ்சி ராகம் என்றால் எனக்கு உயிர். சபாவில் அதைக் கேட்டால் கண்ணை மூடிக் கரைந்துவிடுவோம். வாத்தியார் ராகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "யார் கேட்கிறான்? யாரிடம்?" என்றார்.

கேட்பவன் நந்தன், கேட்பது சிதம்பரத்துச் சிவனிடம் என்றேன். அதற்கு முன் நடந்த கதையையும் சொன்னேன். பண்ணையாள் நந்தன் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்திலும் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. அந்தப் பெண் கிரியோலில் சொல்லச் சொல்ல, மத்தளக்காரர் வாத்தியத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். இவர்களின் பாட்டன் பூட்டன் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். முதலாளி அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு நகர முடியாத காலம் அது.

இத்தனைக்கும் அந்த ஆண்டை பெரியபுராணத்தில் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதி உண்டாக்கிய பாத்திரம். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாட்டில் இலக்கணப் பிழை இருக்கிறதென்று நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் சிறப்புப்பாயிரம் தரவே தயங்கினார். ஜனங்கள் தயங்கவில்லை, ஊர் ஊராகப் பாடினார்கள். நூல் அச்சேற உதவியவர் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசையா. அது 1860-களின் தொடக்கம். அதே காலத்தில்தான் காரைக்கால் பக்கத்து ஆட்களைக் கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எத்தனை முறை பாடியிருக்கிறேன், இந்த இரண்டையும் சேர்த்து நினைத்ததே இல்லை. நெஞ்சு அடைத்தது.

வாத்தியார் நோட்டை நீட்டினார். நான் வரி வரியாகச் சொல்ல, அந்தப் பெண் எழுதிக்கொண்டார். 'ஐயா' என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார் வாத்தியார். அப்புறம் மத்தளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். மாஞ்சியின் குழைவெல்லாம் போய், அவர்களுடைய கூத்து மெட்டில், தொண்டை நரம்பு புடைக்க எழுந்தது பாட்டு: "வருகலாமோ ஐயா?"