ஹோல்டம்: கவிழ்த்து வைத்த இரண்டு சீட்டுகளின் வரலாறு

டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் சீட்டாட்டம் எப்படி உலகம் முழுக்கப் பரவியது என்று கேட்டால், போக்கர் ஆடுபவர்களில் பெரும்பாலோர் 2003-ஆம் ஆண்டையும், அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸ் என்ற போட்டித் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற கிறிஸ் மணிமேக்கரையும்தான் சொல்வார்கள். அந்த வெற்றிக்கு முன்பே ஒருவர் மேசையின் விளிம்பில் கண்ணாடி பதித்திருக்காவிட்டால் அது இவ்வளவு பெரிய செய்தியாகியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். ஹென்றி ஓரன்ஸ்டைன் என்ற அந்த மனிதரின் பெயர் இந்த ஆட்டத்தின் வரலாற்றில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

ஆட்டத்தின் பிறப்பிடம் டெக்சாஸில் கார்பஸ் கிறிஸ்டிக்கு அருகிலுள்ள ராப்ஸ்டவுன் என்ற சிற்றூர் என்றும், காலம் 1900-களின் தொடக்கம் என்றும் அம்மாநிலச் சட்டமன்றம் 2007-இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆட்ட முறை எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டபின், எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். அந்த ஏழில் சிறந்த ஐந்தை வைத்து வெற்றி தீர்மானிக்கப்படும். பழைய ட்ரா போக்கரில் எதிராளியின் ஐந்து சீட்டுகளும் மறைந்தே இருக்கும்; பந்தயம் கட்ட இரண்டு சுற்றுகள்தான். ஹோல்டமிலோ நான்கு சுற்றுகள் உண்டு, ஒவ்வொரு சுற்றிலும் கணக்கு மாறும். பொதுச் சீட்டுகள் இருப்பதால் ஒரே சீட்டுக்கட்டில் பத்துப் பேர் தாராளமாக ஆடலாம்.

1960-களில் டாயில் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம், கிராண்டல் ஆடிங்டன் போன்ற டெக்சாஸ் சூதாடிகள் இதை லாஸ் வேகாஸுக்குக் கொண்டு சென்றார்கள். 1970-இல் பென்னி பினியன் தம் ஹார்ஸ்ஷூ கேசினோவில் 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' போட்டித் தொடரைத் தொடங்கினார். முதல் ஆண்டின் வெற்றியாளரான ஜானி மாஸை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். மறு ஆண்டு முதல், கையிலுள்ள சிப்புகளை, அதாவது பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் கட்டும் வில்லைகளை எல்லாம் இழந்தவர் வெளியேற, கடைசியில் எஞ்சுபவர் வெற்றியாளர் என்ற முறை வந்தது. அந்தத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு ஹோல்டம் தேர்வானதுதான் இந்த ஆட்டத்துக்குக் கிடைத்த முதல் பெரிய ஏற்றம். 1972-இல் வைத்த 10,000 டாலர் நுழைவுத் தொகை இன்றும் மாறவில்லை.

ஆனாலும் தொலைக்காட்சியில் இதைப் பார்த்தவர்களுக்கு அலுப்புதான் மிஞ்சியது. ஆட்டத்தின் உயிரே கவிழ்ந்து கிடக்கும் அந்த இரண்டு சீட்டுகளில் இருக்க, பார்வையாளருக்குத் தெரிந்ததெல்லாம் நடுவில் திறந்த ஐந்தும் ஆட்டக்காரர்களின் முகங்களும் மட்டுமே.

போலந்தில் பிறந்து, நாஜி வதைமுகாம்களில் உயிர் தப்பி, அமெரிக்காவுக்குக் குடியேறியவர் ஓரன்ஸ்டைன். பொம்மை வடிவமைப்பில் பெயர் பெற்று, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் அமெரிக்கச் சந்தைக்கு வரவும் வழிவகுத்தவர். மேசையில் ஒவ்வொருவருக்கு முன்பும் கண்ணாடி பதித்து, கீழிருக்கும் கேமரா வழியாக மறைந்த சீட்டுகளைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் அமைப்புக்கு 1990-களில் அவர் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் 1999-இல் தொடங்கிய 'லேட் நைட் போக்கர்' நிகழ்ச்சி மேசைக் கேமராவின் வலிமையைக் காட்டியது. 2003-இல் 'வேர்ல்ட் போக்கர் டூர்' அதை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டு சென்றது.

அதே 2003-இல்தான் இணையத் தகுதிச் சுற்றில் வென்ற கணக்காளர் மணிமேக்கர், 839 பேர் கலந்துகொண்ட வேர்ல்ட் சீரிஸ் முதன்மைப் போட்டியின் இறுதியில் சாமி ஃபர்ஹாவை எதிர்கொண்டார். ஒரு ஆட்டத்தில் நடுவில் 9, 2, 6, 8, 3 திறந்திருந்தன. ஃபர்ஹாவிடம் ராணியும் ஒன்பதும். அதாவது இரண்டு ஒன்பதுகள் சேர்ந்த ஒரு ஜோடி. மணிமேக்கரிடம் இருந்த ராஜாவும் ஏழும் எதனுடனும் சேரவில்லை. அவர் எதிர்பார்த்த ஃப்ளஷும் (ஒரே வகைச் சீட்டுகள் ஐந்து) வரவில்லை, ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையான எண்களில் ஐந்து சீட்டுகள்) வரவில்லை. இருந்தும் அவர் தம்மிடமிருந்த அத்தனை சிப்புகளையும் பந்தயம் வைத்தார். வெல்லும் சீட்டை வைத்திருந்த ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கீழே வைத்து அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். இருவர் சீட்டுகளும் பார்வையாளருக்குத் தெரிந்ததால்தான் இது மறக்க முடியாத காட்சியானது. பழைய ஒளிபரப்பில் அது யாரோ ஒருவர் விலகிக்கொண்ட இன்னொரு சுற்றாகக் கடந்து போயிருக்கும்.

மணிமேக்கர் வென்றது 25 லட்சம் டாலர். 2006-இல் முதன்மைப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 8,773 பேர். வென்ற ஜேமி கோல்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் கிடைத்தது. அந்த ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த இணையச் சூதாட்டப் பணப்பரிமாற்றத் தடைச் சட்டமும், 2011 ஏப்ரலில் பெரிய போக்கர் தளங்கள் மீது பாய்ந்த வழக்குகளும் இணைய ஆட்டத்தை வெகுவாகப் பாதித்தன. ஆனால் நேரடி ஆட்டம் தேயவில்லை. 2023-இல் முதன்மைப் போட்டியில் 10,043 பேர் ஆடினார்கள்.

இந்த அலையில் ஓரங்கட்டப்பட்டது செவன் கார்டு ஸ்டட். அமெரிக்கக் கேசினோக்களில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஏழு சீட்டுகள் என்பதால், திரையில் அதைப் பின்தொடர்வது கடினம். ஓரன்ஸ்டைன் நல்ல போக்கர் ஆட்டக்காரரும்கூட. 1996-இல் வேர்ல்ட் சீரிஸில் அவர் பட்டம் வென்றது அந்த ஸ்டட் ஆட்டத்தில்தான். 2008-இல் போக்கர் சாதனையாளர்களைச் சிறப்பிக்கும் போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் சேர்க்கப்பட்டார்.