முயலுக்குக் கால் புண்ணும் மூக்குல சொறியும்: மூணு மாசம் நாங்க அலைஞ்ச அலைச்சல்

எங்க முயல் மல்லிக்கு நேத்து கடைசி செக்கப் முடிஞ்சுதுங்க. ரெண்டு குதிகால்லயும் தோல் மூடிருச்சு, இனி கட்டு வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னதும் அங்கயே எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனா முதல் மூணு வாரம் வீணாப் போனதுதான் இன்னும் மனசுல அறுத்துட்டே இருக்கு. அதனாலதான் எழுதறேன். முயல் வளக்கறவங்க இதைப் படிச்சா, முதல் வேலையா உங்க முயலைத் தூக்கி மடில மல்லாத்தி உள்ளங்காலைப் பாருங்க. மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, எனக்கும் தெரியல.

மல்லி வெள்ளை முயல், நல்லா 4 கிலோ இருப்பா. கரூர்ல எங்க வீட்டு மொட்டை மாடில ஷீட் போட்டு, அடியிலயும் கம்பி வலை இருக்கற வெல்டு மெஷ் கூண்டுல வச்சிருந்தோம். புழுக்கை, மூத்திரம் எல்லாம் கீழ விழுந்துரும், சுத்தமா இருக்கும்னு வாங்கும்போது சொன்னாங்க. சுத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா நாய் பூனைக்கு இருக்கற மாதிரி முயலுக்குப் பாதத்துல மெத்து கிடையாதுங்க, வெறும் முடிதான் மெத்தை. ராத்திரி பகலா கம்பி மேலயே உக்காந்தா அந்த முடி தேஞ்சு, தோல் செவந்து, வெடிச்சு, அதுல கிருமி பூந்துரும். உடம்பு கனமா இருந்து நகமும் வளந்திருந்தா இன்னும் மோசம், நகம் தரைல முட்டி பாதம் பின்னாடி சாயும், மொத்த பாரமும் குதிகால்ல எறங்கும். மல்லிக்கு மூணுமே இருந்துச்சு, கம்பி, எடை, நகம்.

ஏப்ரல் மாசம் அவ குதிக்கறதை நிறுத்திட்டா. வெயிலுக்குச் சோர்ந்து கிடக்கான்னு ஐஸ் பாட்டில் வச்சேன், ஈரத்துணி தொங்கவிட்டேன். அப்பறம் மூக்கு நுனில மாவு ஒட்டின மாதிரி வெள்ளையா பொருக்கு, கால் விரல் ஓரத்துலயும் அதே மாதிரி. எங்க அத்தை வேப்பெண்ணெய்ல மஞ்சள் கொழைச்சுத் தடவச் சொன்னாங்க, தடவினேன், அவ முழுசா நக்கிட்டா. சரி குளிப்பாட்டி விடலாம்னு சோப்புத் தண்ணில முக்கினது நான் பண்ணின பெரிய தப்பு. பயத்துல நடுங்கி, அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஒரு இலை தொடல. முயலைக் குளிப்பாட்டவே கூடாதுங்க, அந்த அதிர்ச்சிலயே உயிர் போனதும் உண்டு. அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணில தொடைச்சா போதும்.

முதல்ல பக்கத்து ஊர் கால்நடை மருந்தகம் போனேன். கதவு பூட்டியிருந்துச்சு, டாக்டர் கோமாரி ஊசி கேம்ப்புக்குக் கிராமத்துக்குப் போயிட்டாராம். மறுபடி ரெண்டு நாள் கழிச்சுப் போனா, "முயலா? நாங்க மாடு ஆடுதாம்மா பாக்கறோம்"னு கம்பவுண்டர் வாசல்லயே சொல்லிட்டார். 40 டிகிரி வெயில்ல ரெண்டு தடவை அவளைக் கூடைல வச்சுத் தூக்கிட்டு அலைஞ்சதுதான் மிச்சம்.

அடுத்தது டவுன்ல ஒரு பெட் கிளினிக். போன் பண்ணப்பவே வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்கன்னாங்க. நாய்க்குச் சொல்றதை அப்படியே முயலுக்கும் சொல்லிட்டாங்க, எனக்கும் தெரியல, ராத்திரியே புல்லை எடுத்துட்டேன். முயல் வாந்தி எடுக்கவே எடுக்காது, அதனால பட்டினி போட வேண்டிய அவசியமே இல்ல, மயக்க மருந்து குடுக்கறப்பகூட வேண்டாம். வயிறு காலியா கிடந்தா குடல் ஓட்டம் நின்னு போறதுதான் அதுக்கு ஆபத்து. 12 மணி நேரம் சாப்பிடல, புழுக்கை போடலன்னா அவசர கேஸுன்னு எடுத்துக்கோங்க, காலைல பாத்துக்கலாம்னு படுத்துராதீங்க.

அங்க டாக்டர் அவளைத் தூக்கிக்கூட பாக்கல. மூக்கைப் பாத்துட்டு இன்ஃபெக்ஷன்னு சொல்லி, வாய் வழியா குடுக்க ஒரு ஆன்ட்டிபயாட்டிக் சிரப், நாய்க்கு உண்ணிக்குப் போடற ட்யூப் ஒண்ணு, ரெண்டும் எழுதிக் குடுத்தார். சிரப்பு ரெண்டு வேளை குடுத்தேன். மறுநாள் காலைல தட்டுல இருந்த முருங்கைக்கீரை வச்சது வச்சபடி கிடக்கு, புழுக்கை மொளகு சைஸுக்குச் சின்னதாகி, அப்பறம் தண்ணியா போக ஆரம்பிச்சா. மூலைல சுருண்டு பல்லை நறநறன்னு கடிச்சா, அது வலிக்குன்னு எனக்கு அப்ப தெரியாதுங்க.

மல்லியை வாங்கின பண்ணை அண்ணனுக்குத்தான் போன் அடிச்சேன். "பாட்டில்ல என்ன பேரு போட்டிருக்கு, படிம்மா"ன்னார். அமாக்ஸிசிலின்னு படிச்சேன். "அய்யோ, நிறுத்தும்மா! அது வாயில குடுத்தா முயலுக்கு வயித்துல இருக்கற நல்ல கிருமி செத்துப் போயிரும். அந்த ட்யூபையும் போட்றாத. கிளம்பி நாமக்கல் போ"ன்னார். ட்யூப்ல இருந்தது ஃபிப்ரோனில், முயலுக்கு வலிப்பு வந்து சாகறதுக்கே காரணமாகற மருந்து. நல்லவேளை இன்னும் போடல. ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், இதுகளையும் வாய் வழியா முயலுக்குக் குடுக்கக் கூடாது. யார் எழுதிக் குடுத்தாலும் பேரைப் படிச்சுட்டு, "இது முயலுக்குக் குடுக்கலாங்களா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, அவங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு காலைலயே போயிட்டோம். வரிசைல முன்னாடி ரெண்டு நாய், பின்னாடி ஒரு ஆடு, நாய் சத்தத்துக்கு மல்லி கூடைக்குள்ள விறைச்சுட்டா. கூடை மேல துண்டு போட்டு மூடிட்டுத் தள்ளி நின்னேன், நீங்க போனா மறக்காம துணி எடுத்துட்டுப் போங்க. உள்ள போனப்பறம் எல்லாம் சரியா நடந்துச்சு. டாக்டரம்மா முதல் வேலையா அவளை மல்லாத்தினாங்க, அப்பத்தான் நானே பாக்கறேன், ரெண்டு குதிகால்லயும் அஞ்சு ரூபா காசு அளவுக்கு முடியில்லாத செவப்பு, நடுவுல புண்ணு. எத்தனை நாளா இதோட உக்காந்திருந்தாளோ!

மூக்குப் பொருக்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்து, சொறிப்பூச்சின்னு சொன்னாங்க, தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை வைக்கற ஜாதி. என் முன்கைல ஒரு வாரமா அரிச்சுட்டிருந்த செவப்புப் புள்ளிக்கும் அதான் காரணமாம், மனுஷன் மேல அது ரொம்ப நாள் தங்காது, முயலுக்குச் சரியானா தானா போயிரும்னாங்க, போயிருச்சு. எக்ஸ்ரே எடுத்து எலும்புக்குக் கிருமி எறங்கலன்னு பாத்தப்பறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

ஐவர்மெக்டின் ஊசி தோலுக்கடியில, 14 நாளைக்கு ஒண்ணா மூணு தடவை. மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது, அதனால முதல் ஊசிலயே சொறி போயிருச்சுன்னு மத்ததை விட்ராதீங்க. அளவு ரொம்பக் கம்மி, 4 கிலோ மல்லிக்கே 0.1 மில்லிகிட்டதான், இன்சுலின் சிரிஞ்சுல அளந்தாங்க. மாட்டுக்கு வாங்கின பாட்டில் வீட்ல இருக்கேன்னு கண்ணால அளந்து போட்டுப் பாக்காதீங்க. வலிக்கு மெலாக்சிகாம், புண்ணுக்கு என்ரோஃப்ளாக்சசின், தோலுக்கடியில தண்ணி ஏத்தினாங்க, நகம் வெட்டினாங்க. முயல் தீவன பெல்லட்டைத் தண்ணில ஊறவச்சுக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சுல கன்னத்து ஓரமா கொஞ்சங்கொஞ்சமா ஊட்டச் சொன்னாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கும் எந்திரிச்சு ஊட்டினேன். மூணாம் நாள் காலைல கூண்டுல உருண்டையா, பெருசா புழுக்கை கிடந்ததைப் பாத்துட்டு எங்க பையனை எழுப்பிக் கூட்டிட்டு வந்து காட்டினேங்க.

மூக்குப் பொருக்கு ஒரு வாரத்துல தானா உதுந்துச்சு, பிச்சு எடுக்க வேண்டாம், பிச்சா ரத்தம் வரும், அதுக்கு உயிர் போற வலி. கால் புண்ணுதான் இழுத்தடிச்சுது. சலைன்ல கழுவி, மருந்து வச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு. கட்டின அரை மணி நேரத்துல கடிச்சு அவுத்துருவா, எங்க வீட்டுக்காரர் துண்டுல சுத்திப் பிடிச்சுக்க நான் கட்டுவேன். கட்டு ஈரமானா உடனே மாத்தணும், ஈரக்கட்டு போட்டுட்டு விடறதுக்குக் கட்டாமலே இருக்கலாம். அவளை மாடில இருந்து ஹாலுக்குக் கொண்டு வந்து, மொத்தமா வைக்கோல் பரப்பி, காலைலயும் சாயங்காலமும் மாத்தினேன். பொட்டுக்கடலை, பிஸ்கட் எல்லாம் நிறுத்தியாச்சு, அருகம்புல்லும் வேலிமசாலும்தான், எடை 3 கிலோ 600க்கு வந்திருக்கு. என்னைக் கேட்டா மருந்தைவிட அந்த வைக்கோல்தான் காலைக் காப்பாத்துச்சு, கம்பி மேலயே விட்டிருந்தா எத்தனை ஊசி போட்டும் புண்ணு ஆறியிருக்காது.

குதிகால்ல முடி முழுசா வரல, காசு அளவுக்குக் காய்ப்பு மாதிரி நின்னுருச்சு. அது அப்படியேதான் இருக்கும், செவக்காம பாத்துக்கோங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, ஞாயித்துக்கிழமை தோறும் மல்லாத்திப் பாக்கறேன். பழைய கூண்டோட அடிக்கம்பியை அறுத்து எடுத்தாச்சு, பலகை அடிக்க ஆசாரி நாளைக்கு வர்றேன்னிருக்கார்.