வைமாருக்கு நாற்பது பேர், புல்ஸ்னிட்சுக்கு நான் மட்டும்

2024 கோடை செமஸ்டரை ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் படித்தேன். போன முதல் வாரமே எக்ஸ்சேஞ்ச் மாணவர்களின் வாட்ஸப் குழுவில் யார் எத்தனை நாடு பார்க்கப் போகிறார்கள் என்ற கணக்கு ஆரம்பித்துவிட்டது. வியாழன் இரவு பஸ் ஏறிப் போய், திங்கள் காலை முதுகுப்பையோடு நேராக வகுப்புக்கு வந்து நிற்பார்கள். நானும் ஒருமுறை பிராக் போய் வந்தேன். பாலத்தில் இருந்த நெரிசலும், திரும்பும்போது எல்லையில் போலீஸ் பஸ்ஸில் ஏறி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்ததும்தான் நினைவில் தங்கின. அப்புறம் தூரமாகப் போகும் ஆசை விட்டுப்போனது. மாதம் 49 யூரோவுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்கியிருந்தேன். அதிவேக ரயிலில் அது செல்லாது. ஆனால் நாடு முழுக்க பாசஞ்சர் ரயில், டிராம், டவுன் பஸ் எதிலும் ஏறலாம். அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மே மாதம் மாணவர் அலுவலகம் வைமாருக்கு ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்தது. நாற்பது பேருக்கு ஒரே வழிகாட்டி. காலையில் தேசிய நாடக அரங்கத்தின் முன்னால், ஜெர்மன் கவிஞர்கள் கெத்தே, ஷில்லர் சிலையடியில் நிறுத்தினார். இருவரும் ஒரே மலர்வளையத்தைத் தொட்டபடி நிற்பார்கள். நிஜத்தில் ஷில்லர் நல்ல உயரம், கெத்தே அவரைவிடக் குட்டை. சிற்பி வேண்டுமென்றே சம உயரமாக வைத்தார் என்று சொன்னார். 1857இல் நிறுவிய சிலை. எர்ன்ஸ்ட் ரீட்ஷெல் என்ற சிற்பியின் பெயரை போனில் குறித்துக்கொண்டேன். என் மாடியில் தங்கியிருந்த போலந்துத் தோழியும் கொரியத் தோழியும் நானும் அங்கே ஒரு போட்டோ எடுத்தோம்.

மதியம் பஸ் எட்டர்ஸ்பெர்க் குன்றில் ஏறியது. புகன்வால்ட் நாஜி வதைமுகாம் அங்கேதான் இருக்கிறது. ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே செத்தவர்கள் சுமார் 56,000 பேர். முகாம் வாசலின் இரும்புக் கதவில் 'அவரவருக்கு உரியது அவரவருக்கு' என்று ஜெர்மனில் எழுத்துகள். உள்ளே நிற்பவர் வாசிக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். மேலே கடிகாரம் 3:15இல் நிற்கிறது, 1945 ஏப்ரல் 11 அன்று முகாம் விடுபட்ட நேரம்.

கைதிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிய மைதானத்தில், தரையோடு தரையாக ஓர் உலோகத் தகடு பதித்திருக்கிறது. கைதிகள் எந்தெந்த இனத்தவர், நாட்டவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அன்று தூறல், குளிர்காற்று. வழிகாட்டி கை வைத்துப் பார்க்கச் சொன்னார். சுற்றியிருந்த தரை சில்லென்று இருந்தது, தகடு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. வருடம் முழுக்க, பனி கொட்டினாலும், 37 டிகிரியில் வைத்திருக்கிறார்களாம். மனித உடம்பின் சூடு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கையைத் தொட்டது போலவே இருந்தது. போலந்துத் தோழி தன் நாட்டுப் பெயரைத் தேடி, அதன் மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் குனிந்தே இருந்தாள். நாங்கள் இருவரும் அவள் பக்கத்தில் குந்தியிருந்தோம். திரும்பும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அங்கே தனியாகப் போகும் துணிச்சல் எனக்கு இருந்திருக்காது. கூட்டமாகப் போனால் ஊரைப் பார்க்க முடியாது என்று சொல்பவர்களிடம் இப்போதும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் புல்ஸ்னிட்சுக்கு எந்த அலுவலகமும் பஸ் விடாது. நான் பொறையாறுக்காரி. தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். 1706இல் அங்கே வந்து இறங்கி, தமிழ் படித்து, தமிழில் அச்சுப் போட்ட ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு அந்த ஆலயத்துக்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். அவர் பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ், டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தனியாவா போற? அந்தப் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போயேன்" என்றார் அம்மா. "இல்லம்மா, இது நான் பாக்கவேண்டிய ஊரு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று ரயிலில்தான் யோசித்தேன். வேறு யாராவது கூட வந்தால் அவர்களுக்குச் சலிக்குமோ என்று கவலைப்பட்டே நான் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டேன்.

டிரெஸ்டனில் மாறி, டீசல் ரயிலில் போனேன். ஜூன் மாதச் சனிக்கிழமை, பத்து மணிக்கு ஊரே அமைதியாக இருந்தது. நிக்கோலாய் தேவாலயத்தின் கதவு பூட்டியிருந்தது. சுற்றி இரண்டு முறை நடந்தேன். அந்தக் கல்சுவரைப் பார்த்து வளர்ந்த ஒருவர், 24 வயதில், எங்கள் ஊர் மணலில் உட்கார்ந்து 'அ' எழுதிப் பழகியிருக்கிறார். அவர் தமிழுக்கு எழுதிய இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் அச்சானது. ஹாலே, லைப்சிக்கிலிருந்து சும்மா அரை மணி நேரத் தூரம்.

சந்தைச் சதுக்கத்துக்கு வந்தால் அங்கே ஒரு சிலை. பெயரைப் படித்ததும் நின்றுவிட்டேன். ரீட்ஷெல்! வைமாரில் குறித்துவைத்த அதே சிற்பி. அவரும் இந்த ஊர்ப் பிள்ளையாம்.

ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது மிளகு கேக் என்று சொல்லும் ஃபெஃபர்கூகன். 1558இலிருந்து சுடுகிறார்கள். பெயரில்தான் மிளகு, அந்தக் காலத்தில் எல்லா மசாலாவையும் அப்படித்தான் சொல்வார்களாம். ஒரு பாக்கெட் வாங்கி, சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்சாதத்துக்கு அப்புறம் ஒன்றைக் கடித்தேன். பட்டையும் கிராம்பும் மூக்கில் ஏறின.

மீதியை அன்று இரவு சமையலறையில் வைத்தேன். போலந்துத் தோழி சாப்பிட்டுக்கொண்டே எல்லாக் கதையையும் கேட்டாள். அடுத்த சனிக்கிழமை அவளும் கொரியத் தோழியும் என்னோடு வந்தார்கள். சதுக்கத்தில் அவர்கள் இருவரையும் ரீட்ஷெல் சிலைக்கு முன்னால் நிறுத்தி, போனில் வைமார் போட்டோவை எடுத்துக் காட்டினேன்.